சிட்லபாக்கத்தில் ஒரு குடும்பத்தை விசாரிக்கப் போனேன்

என் மூத்த மகள் ஷீபாவுக்கு வந்த வரனை விசாரிக்க நானே புறப்பட்டதுதான் முதல் தப்பு. எங்கள் திசையன்விளைப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் நேரில் போய் விசாரிப்பதில்லை. நம்பிக்கையான மூன்றாம் மனுஷர் ஒருவரை அனுப்புவோம். அவர் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் ஒரு டீ குடிப்பார். துணி தேய்ப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். பால் ஊற்றுபவரிடம் வழி கேட்பதுபோல் நாலு வார்த்தை கேட்பார். படிப்பும் சம்பளமும் காகிதத்தில் வந்துவிடும். குடும்பம் எப்படி என்பது காகிதத்தில் வராது. அதற்குத்தான் இந்த விசாரிப்பு.

வரனைக் கொண்டுவந்தவர் எங்கள் சபை உபதேசியார். பையன் பெயர் பிரவீன், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா தாமஸ், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கத்தில் சொந்த வீடு. எல்லாம் நன்றாக இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் மனுஷர் கண்ணில் படாதது என் கண்ணில் படும் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்புக்குக் காரணம் உண்டு. நான் பத்தாவது வரை படித்தவன், பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை, என் குடும்பத்தைத் தவிர. அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே காம்பவுண்டு, ஒரே அடுப்பு. மத்தியானம் ஜெபம் முடிந்து உட்கார்ந்தால் பத்துத் தட்டு விழும். எங்கள் சபையில் கல்யாணப் பிரசங்கம் நடந்தால் போதகர் ஐயரவர்கள் எங்கள் வீட்டை ஒரு தடவையாவது உதாரணம் காட்டாமல் இருந்ததில்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது நானும் முதலில் அதைத்தான் சொல்வேன். அந்த அடுப்பை இருபத்தாறு வருஷமாகக் கவனிப்பவள் என் மனைவி கிரேஸ், வீட்டுக்கு மூத்த மருமகள்.

தம்பிமாரிடம், தாம்பரத்தில் இருக்கும் மச்சினன் எட்வினைப் பார்த்து நாளாகிவிட்டது என்று பொய் சொன்னேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். கிரேசிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் தம்பிக்கென்று கருப்பட்டியும் முறுக்கும் கட்டிக்கொடுத்தாள். "எட்வின் வீடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினேன். எட்வின் இரண்டு சக்கர வண்டியோடு வந்திருந்தான். என் பையை முன்னால் வைத்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவன் சேலையூருக்குப் போன வேகத்தில் நான் பைபிள் சங்கீதம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவன் திரும்பி, "என்ன அத்தான், பாட்டா?" என்று கேட்டான்.

அவன் வீடு இரண்டாவது மாடியில். அவன் மனைவி லில்லி பள்ளிக்கூட டீச்சர், சனிக்கிழமையும் வேலை. அவள் நின்றபடியே ஒரு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க அண்ணா, சாயங்காலம் பேசலாம்" என்று ஓடினாள். தோசை சுட்டவன் எட்வின். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தன. நான் கண்ணை மூடிச் சாப்பாட்டுக்கு ஜெபித்துவிட்டுத் திறப்பதற்குள் பெரியவன் தோசையை முடித்துவிட்டான். கிரேசின் தம்பி இப்படியா குடும்பம் நடத்துகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம். வருத்தத்தோடு கொஞ்சம் திருப்தியும் இருந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சிட்லபாக்கத்துக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரே ஸ்டேஷன், சானடோரியம். ஒரு ஸ்டேஷன்தானே என்று உள்ளே தள்ளி நின்றேன். வண்டி நின்றபோது என்னால் வாசலுக்கு வர முடியவில்லை. ஏறுகிறவர்கள் என்னை இன்னும் உள்ளே கொண்டுபோனார்கள்.

"எறங்கணும்னா முன்னாடியே வாசப்பக்கம் வந்துடணும் பெரியவரே. உன் வூட்டு வாசல்னு நெனச்சியா, நின்னு நிதானமா எறங்க?" என்றார் பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மா. பெட்டியே சிரித்தது. குரோம்பேட்டையில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். தாமஸ் சார் வீடு எது என்றேன்.

"அதோ, வெளிய மாடிப்படி கீது பாரு, அதான். சார் இல்லியே, ஊருக்குப் போயிருக்காரு. நீ யாரு, சொந்தமா?"

"தெரிஞ்சவர் சொன்னாரு. நல்ல குடும்பமாமே?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு குடுக்கறியா?"

நான் அசடு வழிந்தேன். மூன்றாம் மனுஷரை அனுப்புவதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

"எனுக்கு இன்னா தெரியும் சார். துணி ரெண்டு மூட்டையா வரும். கீழ் வூட்டு மூட்டை ஒண்ணு, மேல் வூட்டு மூட்டை ஒண்ணு. கீழ சாரும் டீச்சரம்மாவும் சின்ன புள்ளயும், மேல பெரிய புள்ள, மருமவ. கீழ ஒரு அடுப்பு, மேல ஒரு அடுப்பு. டீச்சரம்மா பொடவைய சாரே மடிச்சி எட்த்தாந்து குடுப்பாரு."

"சண்டையா?"

"நா இன்னாத்தக் கண்டேன்? துணி சண்டை போட்டுக்கினா வருது?"

வீட்டைத் தாண்டி இரண்டு தடவை நடந்தேன். கேட்டில் பாலுக்கு இரண்டு பைகள் தொங்கின. ஒரே வீட்டுக்கு இரண்டு பை! ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு தனித்தனியாகப் பால் வாங்குகிறவர்கள், நாளைக்கு என் மகளை எந்த அடுப்பில் சேர்ப்பார்கள்? மூன்றாவதாக ஒரு பை மாட்டுவார்களா?

சாயங்காலம் கிரேசுக்குப் போன் செய்து, "ரெண்டு அடுப்பு கிரேசு" என்றேன், ஒரு கெட்ட செய்தியைச் சொல்கிற குரலில்.

"சரி. ஆளுவ எப்படி?"

"அதான் சொல்லுதேன்லா, ரெண்டு அடுப்பு."

குக்கர் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. எட்வின் போகிற சபைக்குத்தான் தாமஸ் சார் குடும்பமும் வரும் என்பதால் அவனோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். தாமஸ் சாரின் மனைவி ஸ்டெல்லா டீச்சரை எட்வின் காட்டினான். அவர்கள் பாடகர் குழுவில் முன்னால் நின்றார்கள். பெரிய மகனும் மருமகளும் பிரசங்கம் தொடங்கிய பிறகு வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். பிரவீன் வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். கோவிலிலும் ஆளுக்கொரு திசை. எங்கள் ஊரில் நாங்கள் வந்தால் இரண்டு பெஞ்சு நிரம்பும். கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை, தராசுதான் வந்தது.

திரும்பும்போது சேலையூர்த் தெருவில் மீன் விற்கும் அஞ்சலையம்மாளிடம் எட்வின் மீன் வாங்கினான். அவர்கள் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவர்கள். வாரத்தில் மூன்று நாள் சிட்லபாக்கத்திலும் விற்பார்களாம். என் வாய் சும்மா இருக்குமா? தாமஸ் சார் வீடு தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம? கீழ டீச்சரு நெத்திலிதான் வாங்கும். மேல மருமவப் பொண்ணு வஞ்சிரம். அப்பறம் மேலேர்ந்து ஒரு கிண்ணம் கீழ வரும், கீழேர்ந்து ஒரு கிண்ணம் மேல போவும். நா பாத்திருக்கேன்."

"அதுக்கு ஒண்ணாவே ஆக்கலாமே?"

அந்த அம்மா மீன் ஆய்வதை நிறுத்தினார்கள். "ஏன் பெரியவரே, நீ ஆக்குவியா? என் வூட்ல மூணு மருமவ, ஒரே அடுப்பு. எவ மொளகா தூக்கலா போட்டான்னு தெனமும் பஞ்சாயத்து. நானே போய் இன்னொரு அடுப்பு வாங்கலாமான்னு பாத்துக்கினுகீறேன்."

எட்வின் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன்கார அம்மாவுக்குக் கூட்டுக் குடும்பத்தின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பையனைப் பார்த்துவிடுவது என்று நாவலூருக்குக் கிளம்பினேன். லில்லி தயிர்ச்சாதம் கட்டிக்கொடுத்தாள். எந்தப் பஸ் என்று எட்வின் எழுதியே கொடுத்திருந்தான். நான் அவசரத்தில் முதலில் வந்ததில் ஏறிவிட்டேன். மேடவாக்கத்தில் திரும்ப வேண்டியது திரும்பாமல் நேரே போனது. பள்ளிக்கரணையில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"நாவலூரா? இது வேளச்சேரி போவுது சார். எறங்கி ரோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க."

எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்காக நின்றபோது சதுப்பு நிலம் முழுக்கத் தெரிந்தது. வெள்ளையும் சாம்பலுமாக எத்தனையோ பறவைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம், "எவ்வளவு அழகா கூட்டமா இருக்கு பாத்தியா" என்றேன். அவள், "கிட்டப் போய்ப் பாருங்க அங்கிள், ஒண்ணை ஒண்ணு கொத்திக்கிட்டே இருக்கும்" என்றாள். இந்த ஊரில் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேச முடியாது போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பஸ் மாறி நாவலூர் சேர்ந்தபோது மத்தியானம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கண்ணாடிக் கட்டிடங்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் சாலைக்கு வந்து டீக்கடையை மொய்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த முகம் என்பதால் பிரவீனை உடனே கண்டுகொண்டேன். நானும் ஒரு டீ வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

அவனுடைய நண்பன் கேட்டான், "எங்கடா மச்சான் உங்க அப்பா? ரெண்டு நாளா போனே எடுக்க மாட்டேங்கறாரு."

"திசையன்விளைன்னு ஒரு ஊரு. பொண்ணு வீட்டை விசாரிக்கப் போயிருக்காரு. சொன்னா கேக்க மாட்டேங்கறாரு மச்சான். மூணாவது மனுஷன் கண்ணுல படாதது அவர் கண்ணுல படுமாம்."

டீ எனக்குப் புரையேறியது. பிரவீன் ஓடிவந்து என் முதுகில் தட்டி, "மெதுவா சார், தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலைக் கொடுத்தான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் போனதும் கடைக்குப் போன் செய்தேன். தம்பி ஸ்டீபன் எடுத்தான். வெளியூர்க்காரர் யாராவது வந்தார்களா என்றேன்.

"ஆமாண்ணே! வயசானவரு ஒருத்தரு. சனிக்கிழமையே வந்துட்டாரு. கருப்பட்டி வாங்கணும்னாரு, பெஞ்சுல உக்காந்தாரு, போகவே இல்ல. நம்ம குடும்பத்தைப் பத்திக் கேட்டாரு. நான் விடுவனா? எல்லாஞ் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"ஒரே அடுப்புன்னேன். மதினி காலைல நாலு மணிக்கு எந்திச்சா ராத்திரி வர உக்கார மாட்டாவன்னேன். இருபத்தாறு வருசத்துல ஒரு கிறிஸ்துமசுக்குக் கூட அம்மா வீட்டுக்குப் போனதில்ல, எங்களை விட்டுட்டு அவியளால இருக்க முடியாதுன்னேன். அவிய அம்மா இறந்ததுக்குப் போனவிய, என் கல்யாண வேலை கெடக்குன்னு மூணாம் நாளே வந்துட்டாவன்னு சொன்னேன். ஆளு அசந்து போயிட்டாருண்ணே! நேத்து வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடும் போட்டேன்."

இவை ஒவ்வொன்றையும் நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இதே வார்த்தைகளில், இதே பெருமையோடு. ஆனால் நாவலூர்ச் சாலையில், லாரிகள் போகிற இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டபோது, ஒரு பொம்பளையின் மேல் சாட்டிய குற்றப்பத்திரிகைபோல் இருந்தது. குற்றம் செய்தது அவள் இல்லை.

அன்று சாயங்காலம் உபதேசியார் போன் செய்தார். தாமஸ் சார் ரயில் ஏறுவதற்கு முன் அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்லையாம். உங்க மேலயும் இல்ல. ஒரே ஒரு விஷயம் கேக்கச் சொன்னாவ. நாளைக்குப் பொண்ணுக்கு உடம்புக்கு முடியலைன்னா, இல்ல சும்மா அம்மா ஞாபகம் வந்துச்சுன்னா, அவ அம்மாவை ஒரு பத்து நாள் அனுப்புவியளான்னு. பதில் தெரிஞ்ச பிறகு மேல பேசலாம்ங்காவ. இல்லைன்னா இத்தோட விட்டுரலாமாம்."

எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு எட்வினிடம் கத்தினேன். "ரெண்டு அடுப்பு வச்சிருக்கவன் என்னைக் கேள்வி கேக்கான்! எங்க வீட்டைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்? அனுப்புவியளாவாம்! அவ என்ன பார்சலா?"

எட்வின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான்.

"அத்தான், இந்த வீட்டுப் பால்காய்ப்புக்கு அக்கா வரலை. லில்லிக்கு ரெண்டு ஆபரேஷன் ஆச்சு, வரலை. பெரியவன் ஞானஸ்நானத்துக்கும் வரலை. ஒவ்வொரு தடவையும் நான் அக்காவைத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது நீங்க. கடையில ஆளில்ல, வீட்டுல ஆளில்ல, அடுத்த தடவை பாப்போம்."

"நான் அவளைத் தடுத்தனா? ஒரு நாளாவது போகாதன்னு சொல்லிருப்பனா?"

"சொல்லலை. போன்னும் சொல்லலையே அத்தான்."

லில்லி உள்ளேயிருந்து, "எட்வின், விடுங்க" என்றாள். அவன் அதோடு விட்டுவிட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி அந்தத் தெருவையே நாலைந்து தடவை நடந்தேன். அவனை அடிக்கலாம்போல் இருந்தது. பிறகு ஸ்டீபனை. கடைசியில் ஒரு கோவில் சுவரோரமாக நின்று ஜெபிக்கப் பார்த்தேன். எங்கள் ஒற்றுமைக்காக நன்றி என்று தொடங்கியதும் வாய் நின்றுவிட்டது. அந்த நன்றியை இத்தனை வருஷம் நான் யாருடைய கணக்கிலிருந்து எடுத்துச் செலுத்திக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துபோனது. அப்படியே மேலே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நேரே சிட்லபாக்கம் போனேன். இந்தத் தடவை ரயிலில் வாசலோரமே நின்றேன். துணி தேய்ப்பவர், "சார் காத்தால வந்துட்டாரு, போ போ" என்று கையைக் காட்டினார்.

கதவைத் திறந்தவர் தாமஸ் சார். எங்கள் ஊர்க் கருப்பட்டிப் பொட்டலம் மேசைமேல் பிரிக்காமல் இருந்தது. என் பெயரையும் சனிக்கிழமையே தாம்பரம் வந்துவிட்டதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துச் சிவந்து, அப்புறம் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

"சனிக்கிழமையிலேர்ந்தா இங்க இருக்கீங்க?"

"நீங்களும் சனிக்கிழமையிலேர்ந்துதான அங்க இருந்திய?"

ஸ்டெல்லா டீச்சர் காபி கொண்டுவந்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன்.

தாமஸ் சார் டம்ளரைக் கீழே வைத்தார். "சார், உங்க வீட்ல எல்லாரும் வரிசையா உக்காந்து ஜெபம் பண்ணிட்டு சாப்பிடறதப் பாத்து எனக்குக் கண் கலங்கிடுச்சு. நிஜமா சொல்றேன். எங்க வீட்ல நாலு பேர் ஒண்ணா உக்காந்து எத்தனையோ மாசமாச்சு. ரெண்டு அடுப்பு வச்சதுக்கு என் அண்ணன் இன்னும் என்னைக் குத்திக்காட்டுறாரு. நானே ஒரு வருஷம் வெளிய சொல்ல வெக்கப்பட்டேன். இப்படி ஒரு குடும்பத்தோட சம்பந்தம் வச்சா நம்ம பிள்ளைங்களும் கத்துக்குமேன்னு ஆசையா இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"நான் சாப்பிட்டு எழுந்து, உங்க தம்பியோட ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தேன். நான் கிளம்புற வரைக்கும் உங்க வீட்டம்மா சாப்பிடலை சார். ஸ்டெல்லா கிட்ட போன்ல பெருமையாத்தான் சொன்னேன். அவதான் கேட்டா, அவங்க எப்ப சாப்பிட்டாங்கன்னு."

ஸ்டெல்லா டீச்சர் சொன்னார்கள், "என் மேல கோவப்படாதீங்க அண்ணா. மேல என் மருமக இருக்கா. அவ அம்மாவுக்குப் பக்கவாதம். நாலு வருஷமா எங்க மாடியிலதான் இருக்காங்க. உப்பு இல்லாம, காரம் இல்லாம, மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பாடு. அதுக்குத்தான் அந்த அடுப்பு. ஒரு பொண்ணுக்கு அம்மா பக்கத்துல இருக்கறது என்னன்னு நான் தினமும் பாக்கறேன். உங்க பொண்ணு வந்தா, அவ அம்மா வர முடியாத வீட்லேர்ந்து வந்தவளா இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

கேட்டில் நான் எண்ணிவிட்டுப் போன இரண்டாவது பையின் பாலை மேலே யார் குடிக்கிறார்கள் என்று அப்போது தெரிந்தது. ஆனாலும் என் ரோஷம் முழுக்கப் போகவில்லை. "அவளுக்கு எங்கேயும் போக விருப்பமில்ல. வேணும்னா நீங்களே கேளுங்க" என்று போனைப் போட்டு சத்தமாக வைத்து ஸ்டெல்லா டீச்சரிடம் கொடுத்தேன்.

டீச்சர் தன்னைச் சொல்லிக்கொண்டு கேட்டார்கள். "கல்யாணம்னு ஆச்சுன்னா நீங்க பொண்ணோட பத்து நாள் வந்து இருப்பீங்களாம்மா?"

கிரேஸ் சொன்னாள், "அவங்ககிட்டக் கேட்டுக்கோங்க."

அறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் போனை வாங்கினேன்.

"கிரேசு, நீ இன்னைக்கு வண்டில ஏறி இங்க வா."

"ஐயோ, யாருக்கு என்ன? எட்வினுக்கா?" சாவோ ஆஸ்பத்திரியோ இல்லாமல் அவளைப் பிரயாணம் புறப்படச் சொல்வேன் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா வா."

"சும்மாவா?"

"ஆமா. சும்மா."

"அடுப்பு?"

"எரியும். இல்லைன்னா ஓட்டல்ல வாங்கித் திங்கட்டும்."

நான் இப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. தாமஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை ஷீபாவையும் கூட்டிக்கொண்டு கிரேஸ் வந்து இறங்கினாள். எட்வின் பிளாட்பாரத்தில் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டவன், திரும்பி நின்றுகொண்டான். வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தாள். லில்லியிடம், "எல்லாத்தையும் நல்லா வச்சிருக்க தாயி" என்றாள். நான் நான்கு நாள் அந்த வீட்டில் இருந்தேன். பீரோவுக்கு என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் சிட்லபாக்கம் போனோம். அவள் முன்னறையில் உட்காரவே இல்லை. மாடிக்குப் போய் அந்த நோயாளி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தாள், மருமகளிடம் பேசினாள், கீழே வந்து ஸ்டெல்லா டீச்சரோடு அடுக்களையில் நின்றாள். ஷீபாவும் பிரவீனும் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தார்கள். பிரவீன் என்னைப் பார்த்து, "டீ பரவாயில்லையா மாமா?" என்றான். கண்டுபிடித்திருக்கிறான், படுபாவி.

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் கேட்டேன், "என்ன சொல்லுத?"

"குடுக்கலாம். ஷீபாவுக்கும் பிடிச்சிருக்கு. மேல மருமவ மாமியாரைக் குறை சொன்னா, ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னா. அவ்வளவு போதும்."

"அந்தத் தாமஸ் சார் நம்ம வீட்டுக்கு வந்தப்ப உனக்குத் தெரியலையா?"

"சாப்பிட உக்காந்ததுமே தெரியும். கருப்பட்டி வாங்க வந்தவரு, 'நீங்க உக்காரலையாம்மா'ன்னு மூணு தடவை கேட்டாரு. நம்ம வீட்டுக்கு வந்த எந்த ஆம்பளையும் அப்படிக் கேட்டதில்ல. இது பையன் வீட்டு ஆளுதான்னு நினைச்சேன்."

ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடை இருந்தது. கிரேஸ் தன் பையை எடுக்கவில்லை. "ஷீபாவும் நானும் கொஞ்ச நாள் கழிச்சு வாறோம். லில்லிக்கு மாவு அரைச்சுக் குடுக்கணும், எட்வின் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கான். நீங்க போங்க" என்றாள். போகவா என்று கேட்கவில்லை, போங்க என்றுதான் சொன்னாள். தாம்பரம் பிளாட்பாரத்தில் அவள் நின்றாள், நான் ஜன்னலில் இருந்தேன். இத்தனை வருஷத்தில் அவளை வெளியூரில் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பியதே இல்லை என்பதால் எப்படிக் கையசைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிற்பாடு, இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "உள்ளதை எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். எங்கள் குடும்பம் கெட்ட குடும்பம் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு எங்கே உட்கார்ந்து பார்த்தபோது நல்ல குடும்பமாகத் தெரிந்ததோ, அங்கே அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று வண்டி கூடுவாஞ்சேரி தாண்டியதும் ஸ்டீபன் போன் செய்தான்.

"அண்ணே, மதினியும் வாறாவளா?"

"இல்ல."

"அப்ப எப்ப வருவாவ?"

"தெரியாது."

"நீங்க கேக்கலையா?"

ஜன்னலுக்கு வெளியே செங்கல்பட்டு ஏரி வந்தது. தண்ணீர் முழுக்க வெயில்.

"கேக்கலை" என்றேன்.